நைனாவின் முதுகில் எட்டுக் கொக்கிகள்

சரக்கு ரயிலின் நாற்பத்தோராவது பெட்டி போய்க்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் முடிந்து, கடைசியில் கார்டு பெட்டியும் போன பிறகுதான் திரும்பினேன். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஆமையைக் காணவில்லை.

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. நெசவாளர் சங்கத்தில் முப்பத்தாறு வருடம் நூல் கட்டுகளை எண்ணி எண்ணிக் கொடுத்த குமாஸ்தா நான். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு யாரும் எதுவும் தரவில்லை. ஆகவே ரயில் பெட்டிகளை எண்ணுகிறேன், மாடிப்படிகளை எண்ணுகிறேன் (பதினான்கு), மாத்திரைகளை எண்ணுகிறேன் (காலையில் நான்கு, இரவில் மூன்று). ஆமைக்குத் தினமும் இருபது நிமிடம் வெயில் வேண்டும். வழக்கமாக மாடித் தரையில் பிளாஸ்டிக் பேசினோடு வைப்பேன். அன்று தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையில் விழுந்திருந்தது. சுவர் ஓர் அடி அகலம். ஆமை மெதுவாகத்தானே நடக்கும் என்று சுவரின் மேல் வைத்தேன். ஆமை மெதுவாக நடக்கும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் ஆமை வளர்த்தவர்கள் அல்லர்.

கீழே எட்டிப் பார்த்தேன். துவைக்கும் கல்லின் மேல் கிடந்தது. பதினோரு அடி உயரம். பதினான்கு படிகளை எத்தனை தாவலில் இறங்கினேன் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் இறங்கிய படிகள் அவை மட்டும்தான்.

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாங்க ஆச்சி?"

"விழுந்துட்டான்."

"யாரு?"

"நைனா."

"நைனா எப்பிடிங்க விழுவான்? நீங்க எங்க இருந்தீங்க?"

"கூடத்தான் இருந்தேன்."

"கூட இருந்துகினு இன்னா பண்ணீங்க?"

எங்கோ தூரத்தில் ரயில் கூவியது.

"எண்ணிக்கினு இருந்தீங்க," என்றாள். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நைனா என்பது பெயர் அல்ல. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். வீட்டுச் செல்லப் பிள்ளையையும் 'வாடா நைனா' என்போம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மகன் சென்னையில் மீன்தொட்டிக் கடையிலிருந்து வாங்கியது. அப்போது பிஸ்கட் அளவு; கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. அதே வருடம் மகனுக்கு வடக்கே மாற்றல் வந்தபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். இப்போது சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். முதுகோட்டில் நடுவே பதின்மூன்று பெரிய தகடுகள், ஓரத்தைச் சுற்றி இருபத்தைந்து சிறியவை. மொத்தம் முப்பத்தெட்டு. அன்று அதில் மூன்று தகடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரிசல் ஓடியிருந்தது. உள்ளே ரத்தம் தெரிந்தது.

விரிசலுக்கு வலப்பக்கத்தில் ஒரு நாமம். அது புரட்டாசி மாதம். முதல் சனிக்கிழமை எங்கள் இருவர் நெற்றிக்கும் போட்ட கையோடு நைனாவின் முதுகிலும் என் மனைவி நாமம் போட்டிருந்தாள். பெருமாளே ஒரு காலத்தில் ஆமையாக வந்தவர் என்பது அவள் கட்சி.

"நாமத்தத் தொடல பாருங்க," என்றாள் அழுதுகொண்டே. "நாமத்துக்கு ஓரமா வந்து நின்னுக்கீது."

திருப்பதியில் செல்லப் பிராணிகளுக்கென்று இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாக மூன்று மொழிகளில் பேசினாள். எக்ஸ்ரே, ஓடு ஒட்டுவது, ஐந்து நாள் அங்கேயே வைத்திருப்பது என்று அவள் சொன்ன தொகை என்னுடைய எட்டு மாதப் பென்ஷன். ஆவணியில்தான் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. சேமிப்பு என்று இருந்தது அந்தக் கண்ணுக்குள் போய்விட்டது. "யோசிச்சி சொல்றேம்மா," என்று வைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

சேலை வாங்கிய அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து நைனாவை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் இருக்கும் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆறு ஆடுகள், மூன்று மாடுகள், ஒரு கோழி. எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். ஆட்டோடு வந்த ஒருவர், "இன்னா சார், டிபனா?" என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். நாமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வரிசையில் முதலாவதாக எங்களை அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், கடப்பைப் பக்கம். பெட்டிக்குள் பார்த்து, "ஏமண்டி பெத்தாயனா, இதி தாபேலு கதா! நேனு கேதெலு சூஸ்தானண்டி," என்றார். பெரியவரே, இது ஆமை அல்லவா, நான் எருமை பார்ப்பவன் என்கிறார்.

"எருமைன்னு நெனச்சிக்கினு பாருங்க சார். சின்ன எருமை," என்றேன். எனக்கே நான் பேசுவது விளங்காத அளவுக்குப் பதற்றம்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கையைக் கழுவிக்கொண்டு நைனாவைத் தூக்கிப் பார்த்தார். திருப்பதியில் தன்னோடு படித்த ஒருவருக்குப் படம் அனுப்பினார். அந்த நண்பருக்கு இந்த ஊர்வன எல்லாம் அத்துப்படியாம். போனில் இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் டாக்டர் என்னைப் பார்த்து, "மகதா, ஆடதா?" என்று கேட்டார். ஆணா, பெண்ணா?

"மகதே சார். ஆம்பளை," என்றேன். ஒன்பது வருடமாக நைனா என்று கூப்பிடுகிறோம், பின்னே என்னவாக இருக்க முடியும்? சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

சொன்ன வைத்தியம் இது. காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட வேண்டும். நாளெல்லாம் ஈரமில்லாமல் வைத்து, ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீரில் விட வேண்டும். விரிசலுக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று ஜாக்கெட் கொக்கிகளை ஓட்டின் மேல் பசையால் ஒட்டி, எதிரெதிர்க் கொக்கிகளை நூலால் கட்டித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பசை விரிசலுக்குள் போகக்கூடாது.

"ஜாக்கெட் கொக்கியா சார்?"

"அவுனண்டி. பெரிய ஊர்லயும் அதான் போடுவாங்கோ. அங்க பில்லு மட்டும் பெருசு," என்றார். "இன்னொண்ணு. பலம் ஒஸ்தே, பலம் வந்தா தான் ஓடு கூடும். மீன் போடுங்கோ. சேப்பலு. பாகா, நல்லா போடுங்கோ."

மீன் என்ற அந்த வார்த்தையை நான் வீடு வரைக்கும் ஏதோ திருட்டுப் பொருளைப் போல எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன், முட்டை, கறி வாசலைத் தாண்டாது. நைனாவுக்கும் அதே சட்டம். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி பிறந்ததும் அதனுடைய உருண்டைத் தீனிப் பாக்கெட், அட்டையில் இறால் படம் போட்டிருக்கிற குற்றத்துக்காக, பரணுக்குப் போய்விடும். முப்பது நாளும் கீரை, வெள்ளரிக்காய், கேரட். ஐப்பசி ஒன்றாம் தேதி நெத்திலி மீன். எட்டு வருடமாக அதுவும் மறுபேச்சில்லாமல் விரதம் இருந்திருக்கிறது.

"கொக்கிக்கு என் பழைய ஜாக்கெட்ட அறுத்துக்கோங்க," என்றாள் என் மனைவி. "நான் ஊக்கு குத்திக்கினு போறேன். மீன் பேச்சு எடுக்காதீங்க. ஐப்பசிக்கு இன்னும் எத்தினி நாளு?"

"இருபத்தி ரெண்டு."

"அதுவரைக்கும் கொள்ளு வேக வெச்சித் தரேன். குதிரையே துன்னுது."

கொக்கி கட்டுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அவள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. தறியில் பழைய பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் முறுக்கிச் சேர்ப்பாள். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். மூன்று பிள்ளைகளைப் பெற்றவள். எங்களை மாமா, அத்தை என்பாள்.

என் மனைவி நைனாவைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிய பசையைக் கலந்து, தீக்குச்சி முனையால் எட்டுப் பொட்டு வைத்தேன். பசை காய ஒரு நாள். மறுநாள் அந்தப் பெண் நைலான் நூலை எச்சில் தொட்டு முறுக்கிக் கொக்கிக்குக் கொக்கி கட்டினாள். நான்கு முடிச்சுகள், என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

"நைனா இப்போ ஜாக்கெட் போட்டுக்கினுகீறான் அத்தை. பின்பக்கம் கொக்கி. புது மாடல்," என்றாள்.

என் மனைவி நான்கு நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். சிரிப்பில் கை நழுவி நைனா நூலோடு ஓடப் பார்த்தது. மூவரும் தரையில் தவழ்ந்து பிடித்தோம்.

அந்தப் பெண் தினமும் வேலைக்கு நடுவில் வந்து விரலால் முடிச்சைத் தட்டிப் பார்ப்பாள். பாவு தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. கொஞ்சம் இறுக்கிவிட்டு, "இன்னிக்கு இது போதும்," என்பாள். ஒரு வாரத்தில் விரிசல் ஒரு கோடாகிவிட்டது. காயம் காய்ந்தது. டாக்டர் படத்தைப் பார்த்து, "சூப்பரண்டி," என்றார்.

ஆனால் நைனா சாப்பிடவில்லை.

கொள்ளு வேண்டாம். கீரை வேண்டாம். வெள்ளரிக்காயை மோந்தும் பார்க்கவில்லை. ஐந்து நாள், ஏழு நாள், ஒன்பது நாள். ஓடு சேர்ந்து, உள்ளே இருப்பது செத்துப்போனால் அதற்கு என்ன அர்த்தம்? என் மனைவி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "துன்னுடா நைனா, ஒரே ஒரு வாய்டா," என்று கெஞ்சுவாள். பிறகு பூஜை அறைக்குப் போய் வெகுநேரம் நிற்பாள். விரதத்தால்தான் பலம் போய்விட்டது என்று அவளுக்கு ஒரு பயம். என் ரயிலால்தான் என்று எனக்கு.

பத்தாம் நாள் அவள் குளிக்கப் போன சமயம் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினேன். இறால் படம் போட்ட பாக்கெட்டிலிருந்து மூன்று உருண்டைகளை எடுத்து, நைனாவைத் தண்ணீரில் விட்டிருந்த தொட்டியில் போட்டேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது. சரி, யாரும் இல்லாவிட்டால் தின்னும் என்று நினைத்து வெளியே போய் அரை மணி நேரம் கழித்து வந்தேன். மூன்றும் மிதக்கின்றன என்று எடுக்கக் கையை விட்டால், ஐந்து இருந்தன.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

என் மனைவி ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"பெருமாளுக்குத் தெரியாதா இன்னா," என்றாள். "ரெண்டுதான போட்டேன்."

இரண்டு பேர் சேர்ந்து விரதத்தை முறித்தும் அது தின்னவில்லை. ஆகவே குற்றம் விரதத்துடையது அல்ல. அது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது, ஆனால் வேறு எது காரணம் என்று தெரியவில்லை.

பதினான்காம் நாளிலிருந்து நைனா ஓர் இடத்தில் இருக்கவில்லை. உலர்ந்த தொட்டிக்குள் மூலைக்கு மூலை நடந்தது. பின்னங்கால்களால் துண்டை வறட்டு வறட்டென்று பிராண்டியது. வலியில் துடிக்கிறது என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முடிச்சுப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தாள்.

"மாமா, இது வலி இல்ல. எனக்குப் பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி நானும் இப்பிடித்தான் மூலைக்கு மூலை நடந்துகினு இருந்தேன்."

"இன்னா உளர்ற? அவன் ஆம்பளை."

"யாரு சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் திருப்பதி நண்பரிடம் கேட்டுக்கொண்டே எனக்குச் சொன்னார். முன்னங்கால் நகம் நீளமா, குட்டையா? குட்டை. வால்? அதுவும் குட்டை. பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வைத்தேன். உள்ளே கோலிக்குண்டு போல ஒன்று விரலில் இடித்தது. பிறகு இன்னொன்று.

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "பெத்தாயனா, மகதே அன்னாரே மீரு!" ஆண் என்றல்லவா சொன்னீர்கள்! ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வரும், அதில் குஞ்சு வராது, அந்தச் சமயத்தில் ஆமை சாப்பிடாது என்றார். பிறகு குரல் மாறியது. ஈர மணல் வையுங்கள். சனிக்கிழமை வரைக்கும் பாருங்கள். அதற்குள் இடாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்து. திருப்பதிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன்தான் செய்ய வேண்டும்.

அந்த ஆபரேஷனுக்கு எத்தனை மாதப் பென்ஷன் என்று நான் கேட்கவில்லை.

தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஐந்து சட்டி மணல் கொண்டுவந்தேன். பெரிய பேசினில் கொட்டி நனைத்து நைனாவை விட்டோம். மணலின் மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. புதன் போயிற்று. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை அதன் கண்கள் பாதி மூடியிருந்தன. என் மனைவி அதன் முதுகைத் தடவி, "பொம்பளைன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கக் கூடாதா மே," என்றாள். ஒன்பது வருடம் 'டா' போட்டவள், இரண்டே நாளில் பெண்களைக் கூப்பிடும் 'மே' போட ஆரம்பித்திருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. புரட்டாசியின் நான்காவது சனி. துளசி மாடத்துக்கு முன்னால் மாவிளக்கு ஏற்றி, வடை மாலை சாத்தி, கற்பூரம் காட்ட வேண்டும். காற்றாவது படட்டும் என்று நைனாவைக் கொல்லையில் தரையில் விட்டேன். அது விறுவிறுவென்று நடந்தது. மணல் பேசினைத் தாண்டி, துவைக்கும் கல்லைத் தாண்டி, துளசி மாடத்தின் பின்பக்கம் போயிற்று. நாற்பது வருடமாக என் மனைவி ஊற்றும் தண்ணீரில் அந்த மண் எப்போதும் ஈரம். பின்னங்காலால் தோண்ட ஆரம்பித்தது.

"மணியடிக்காதீங்க," என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபடி, "முக்குடி, முக்குடி," என்று மெதுவாகச் சொன்னாள். அரை மணி நேரம் மண் தள்ளியது. பிறகு அசையாமல் நின்றது. வெள்ளையாக, நீளமாக ஒன்று குழிக்குள் விழுந்தது.

"ஒண்ணு," என்றேன்.

"எண்ணாதீங்க! கண்ணு படும்!"

வாயை மூடிக்கொண்டேன். துண்டுக்கு அடியில் விரலை மடக்கினேன். ஒரு கை முடிந்து இரண்டாவது கைக்குப் போனேன். என் மனைவி நெற்றியில் நாமத்தோடு, கன்னத்தில் கண்ணீரோடு, "கோவிந்தா, கோவிந்தா," என்று கத்த ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் 'கோவிந்தா' வந்தது. அதற்கும் அப்பால் யாரென்றே தெரியாத வீட்டிலிருந்தும், சனிக்கிழமையாயிற்றே என்று, ஒரு கோவிந்தா வந்தது. நானும் கத்தினேன். எழுபத்திரண்டு வயதில் கொல்லையில் நின்றுகொண்டு ஓர் ஆமைக்காகக் கோவிந்தா போட்ட சந்தோஷத்தை எனக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை. என் முட்டிவலி அன்று இல்லை.

நைனா குழியை மூடிவிட்டு நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு படுத்தது. ஏழு விரல்கள் மடங்கியிருந்தன.

"அத்தை," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், "வீட்ல பிரசவம் ஆயிடுச்சே. தீட்டு உண்டா? பூஜை?"

என் மனைவி திகைத்துப்போனாள். படையல் அப்படியே இருந்தது. அணைந்துபோன கற்பூரத் தட்டைப் பார்த்தாள்.

"கற்பூரம் காட்டுனப்புறந்தான பெத்தா," என்றாள். "பூஜை முடிஞ்சிபோச்சி." பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க இன்னும் இன்னா நின்னுக்கினு இருக்கீங்க? போய் நெத்திலி வாங்கினு வாங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "இன்னிக்கா? சனிக்கிழமையிலயா?"

"பெத்தவளுக்கு இன்னாங்க விரதம்? நம்ம பொண்ணு புரட்டாசியிலதான பெத்தா. அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வெச்சித் தந்தேனா இல்லியா? பத்தியத்துக்குச் சாமி கோச்சிக்காது. போங்க."

சட்டை போடவும் மறந்து, துண்டோடும் நாமத்தோடும் சந்தைக்குப் போனேன். மீன் வரிசையில் பதினோரு கடைகள், பத்து மூடியிருந்தன. திறந்திருந்த ஒரே கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என் நெற்றியைப் பார்த்ததும், வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து, "பூக்கடை அந்தாண்ட சார்," என்றார்.

"நெத்திலி இருக்குதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சை மீனு இல்ல சார். கருவாடுதான் கீது. யாருக்கு சார்?"

"வீட்ல பெத்திருக்குது. பத்தியம்."

"சந்தோசம் சார். யாரு, உங்க பொண்ணா?"

"இல்ல. நைனா," என்றேன், யோசிக்காமல்.

அவர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஆமை, ரயில், ஜாக்கெட் கொக்கி, துளசி மாடம் என்று எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையமர்த்தி, "வேணாம் சார், வெச்சிக்கோங்க," என்று எடை போடாமலே ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.

உப்புப் போக வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். என் மனைவி அதைச் சமையலறைக்குள் விடவில்லை. கொல்லையிலேயே கொட்டாங்கச்சியில் ஊற வைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றினாள். வாசனை எழும்பி மாவிளக்கு நெய்யோடு கலந்தது. நைனாவைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். முதுகில் எட்டுக் கொக்கிகளும் மேலே தெரிந்தன. அது அசையாமல் கிடந்தது. நான் ஒரு நெத்திலியைத் தண்ணீரில் போட்டேன். பார்த்தது. அவ்வளவுதான்.

"நீங்க போடாதீங்க. பச்சை உடம்புக்காரிக்கு ஊட்டணும்," என்றாள்.

மகளின் அந்த ஒரு பிரசவம் தவிர, புரட்டாசியில் மீனைக் கையால் தொட்டே அறியாதவள் அவள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைத் துளசி மாடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரல்களால் ஒரு நெத்திலியின் வாலைப் பிடித்துத் தண்ணீருக்கு மேல் நீட்டினாள். நைனாவின் கழுத்து மெல்ல நீண்டது. ஒரு நொடி நின்றது. பிறகு சட்டென்று பிடுங்கியது.

"துன்றாளா?" என்றாள் திரும்பாமல்.

"துன்றா."

முகத்தைத் திருப்பிக்கொண்டே, அடுத்ததற்காக என் பக்கம் கையை நீட்டினாள்.